கொப்பரை மேல் உட்கார்ந்தவள்

நாரின் என்னும் ஆற்றுப் பக்கத்து மேய்ச்சல் வெளியில் எங்கள் குலத்துக்கு கசான் என்று பெயர். கசான் என்றால் சமைக்கும் பெரிய கொப்பரை. மற்ற குலத்தார் எங்களைச் சட்டிக்குஞ்சுகள் என்பார்கள்.

பகைவர்கள் கூடாரங்களைக் கொளுத்திய நாளில், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அடிமைப்பெண் ஒருத்தி, செத்துப்போன எசமானின் இரண்டு பிள்ளைகளின் மேல் கொப்பரையைக் கவிழ்த்து மூடி, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். சாட்டையால் விளாசியும் எழவில்லை. பிறகு அவளே அம்மாவாக இருந்து வளர்த்த அந்தப் பிள்ளைகளின் வழி வந்தவர்கள் நாங்கள். குழந்தையை முதன்முதலாக வெளியே தூக்கிப்போகும்போது நெற்றியில் கொப்பரைக் கரி வைப்பது அவளுக்காகத்தான்.

சோவியத் ஆட்சி போனதும் குலத்துக்குக் குலம் மூதாதையருக்குக் கல் நட்டார்கள். எங்களுடையதில் என்ன பொறிப்பது என்பதை என்னிடம் விட்டார்கள். நான் பள்ளியில் சரித்திர ஆசிரியன்.

கல்லைத் திறக்கும் விருந்துக்கு என் மனைவி அனார்குலின் வீட்டாரும் வருவதாக இருந்தது. பெரிய குலம், அவர்களுடைய கல்லில் ஏழு வீரர்களின் பெயர்கள். அடிமைப்பெண் என்று எழுதப் பேனா ஓடவில்லை. அவளை அரசகுமாரியாக்கி, 'கானின் மகள் வழித்தோன்றல்கள்' என்று எழுதிக் கல்தச்சனிடம் கொடுத்தேன்.

விருந்தன்று கல்லை மூடியிருந்த துணியை விலக்கியதும் பாதிப் பேர் கைதட்டினார்கள். எங்கள் ஆட்களில் வயதானவர்கள் தரையைப் பார்த்தார்கள். அனார்குல் அன்றுதான் முதன்முதலாக வெளியே கொண்டுவந்த மகனைத் தூக்கிக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். இரண்டு முறை படித்தாள். பிறகு கட்டைவிரலை எச்சில்படுத்தி, குழந்தையின் நெற்றிக் கரியை அழுத்தித் துடைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும், "ஏன் துடைச்சே?" என்றேன்.

"கான் மகளோட வம்சத்துக்குக் கரி எதுக்கு?"

"உங்க அண்ணன் முன்னாடி அடிமைன்னு எப்படி எழுதறது, சொல்லு?"

"சட்டிக்காரனையா கட்டிக்கப் போறேன்னு எங்க வீட்டுல எத்தனை பேர் கேட்டாங்க, தெரியுமா? அடி வாங்கியும் எழுந்திருக்காதவளோட வம்சம்னு சொல்லி வாயை அடைச்சுட்டு வந்தேன். அவளை நீங்களே எழுப்பி விரட்டிட்டீங்க."

குழந்தையின் நெற்றி சிவந்து கிடந்தது.

நான்கு நாள் கழித்து அவள் அண்ணன் எசெனின் வீட்டுக்குப் போனேன். பத்துப் பேருக்கு மேல் குமிஸ் என்னும் புளித்த குதிரைப்பாலைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். நின்றபடியே சொன்னேன்: "கல்லுல இருக்கறது பொய். எங்க குலத்துக்கு அம்மாவா இருந்தவ அடிமை. பாத்திரம் தேச்சவ."

எசென் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "இது எங்களுக்குத் தெரியாதா, மாப்பிள்ளை? இந்தப் பக்கத்துல யாருக்குத் தெரியாது? உங்க மனசு நோகக்கூடாதுன்னுதான் அன்னிக்குக் கைதட்டினோம்."

யாரோ இருமுவதுபோல் சிரிப்பை அடக்கினார்கள். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எசென் எழுந்து எனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றினார். வாங்கும்போதே பாதியைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன்.

கல்தச்சனைக் கூட்டிப்போய்ச் செதுக்கி எடுக்கச் சொன்னேன். எழுத்தை ஆழமாக வெட்டியிருந்தான். முழுவதும் போவதற்குள் கல்லில் கையகலப் பள்ளம் விழுந்துவிட்டது.

"இதுக்கு மேல உளி வெச்சா ரெண்டா பொளந்துடும், வாத்தியாரே," என்றான். புதிதாக எதுவும் பொறிக்க முடியவில்லை. வேறு கல் வாங்கலாமா என்று குலத்தில் கேட்டேன். வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும் என்றார்கள். அதற்கு மேல் ஒருவரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை.

கல் நிற்பது பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில். மேய்ச்சலுக்குப் புதிதாக வருகிறவர்கள் குதிரையை நிறுத்தி, பள்ளத்தைத் தடவிப் பார்த்து, "யாரு இப்படிக் கொத்தி வெச்சது?" என்று கேட்கிறார்கள். நான் பக்கத்தில் இருந்தால் நான்தான் என்கிறேன். ஏன் என்று கேட்பார்கள். முதலில் அவளைப் பற்றிச் சொல்கிறேன். பிறகு, முகம் சுடச்சுட, என்னைப் பற்றி.