துணிக்கு அடியில் ஒரு ஜோடிக் காது

இளம் கண் மருத்துவரின் கையில் குறையில்லை, குறையெல்லாம் வாயில்தான்.

கண்புரை அறுவையில் மிக நுட்பமான வேலை, வில்லையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையை இடுக்கியால் பிடித்து வட்டமாகக் கிழிப்பது. பயிற்சிக்கூடத்தில் இரண்டு மாதமாக அதை ஆட்டுக் கண்களில் பழகிவந்தாள். கிழிசல் வழிதவறி ஓரத்துக்கு ஓடினால், "ஐயோ, போச்சு!" என்று அலறிவிடுவாள். இறந்த ஆடு எதுவும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நோயாளியோ விழித்தபடி படுத்திருப்பவர். மருந்தால் கண் மரத்திருக்கும், காது மரத்திருக்காது.

"திங்கட்கிழமை பரீட்சை," என்றார் தலைமை மருத்துவர். "ஒரு 'ஐயோ' கேட்டாலும், இன்னும் மூணு மாசம் ஆட்டோடதான் உன் சகவாசம்."

அவளுடைய அண்ணன் முடிதிருத்துபவன். தங்கைக்காகச் சாப்பாட்டு மேசையில் மல்லாந்து, முகத்தில் கடைத் துணியைப் போர்த்திக்கொண்டான். நெற்றிமேல் பாட்டில் மூடி. அதில் ஒரு திராட்சை. அவள் அதன் தோலை வட்டமாக உரிக்கத் தொடங்கினாள்.

"ஐயோ!"

அண்ணன் துள்ளி எழுந்தான். திராட்சை அலமாரிக்கு அடியில் உருண்டது.

"என்னடி ஆச்சு எனக்கு?"

"உனக்கு ஒண்ணுமில்லண்ணா. தோலு கிழிஞ்சிடுச்சு."

"நான் ஒருத்தர் கழுத்துல கத்திய வெச்சுக்கிட்டு இப்படிக் கத்தினா, மறுநாள் கடையத் திறக்க முடியுமா?"

"நீ என்ன சொல்லுவே?"

"மூணு பக்கம் அம்சமா வந்திருக்கு, ஆடாம இருங்கன்னு சொல்லுவேன்."

"நாலாவது பக்கம்?"

"அதைத்தானே அப்போ சரிபண்ணிக்கிட்டிருப்பேன்!"

ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டு கிலோ திராட்சை தோலிழந்தது. திராட்சைக்குத் தோலே கிடையாது என்று அண்ணன் மகள் வகுப்பில் வாதாடிவிட்டு வந்தாள்.

பரீட்சையன்று மூத்த செவிலியர் நோயாளியாகப் படுத்துத் துணிக்குள் மறைந்தார். பயம் வந்தால் அடிக்க அவர் கையில் ஒரு மணி. அவர் தலைமாட்டில், தாங்கியில் பொருத்திய ஆட்டுக் கண். நுண்ணோக்கியின் பக்கக் குழாய் வழியே தலைமை மருத்துவர் கவனித்துக்கொண்டிருந்தார்.

முக்கால் வட்டம் வந்ததும் கிழிசல் ஓரத்தை நோக்கித் திரும்பியது. அந்தப் பழைய அலறல் தொண்டைவரை வந்து நின்றது. அவள் அதை விழுங்கினாள், கையை நிறுத்தினாள். கிழிசல் மேலும் ஓடாதபடி கண்ணுக்குள் கூழ்மருந்தை நிரப்பினாள்.

"முக்கால்வாசி முடிஞ்சுதும்மா. மீதிய நிதானமாச் செய்யறேன். அசையாம இருங்க."

உறையின் நுனியைப் பின்னால் மடித்து, மெல்ல நடுப்பக்கமாக இழுத்தாள். கிழிசல் திரும்பி வந்தது, வட்டம் கூடிற்று.

"சபாஷ்! கண்ணு பொழச்சுடுச்சு!" என்று கூவினார் தலைமை மருத்துவர்.

கணகணவென்று மணி ஒலித்தது. துணிக்கு அடியிலிருந்து செவிலியர் கேட்டார்:

"அப்போ இவ்வளவு நேரம் அதுக்கு என்ன ஆபத்து சார்?"

தலைமை மருத்துவர் கனைத்துக்கொண்டார். "அந்த மணி என் கத்தலுக்கு அடிச்சது. இவ பாஸ்." பிறகு அவளிடம், "நாளைக்கு முதல் நோயாளி உனக்குத்தான். பக்கத்துல நான் நிப்பேன்," என்றார்.

"தாராளமா நில்லுங்க சார்," என்றார் செவிலியர். "ஆனா முகமூடி மட்டும் ரெண்டாப் போட்டுக்கிட்டு வாங்க."