விக்கைப் பெண் பார்த்தார்கள்

மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முன் அம்மா என் விக்குக்குப் பட்டுச்சேலை கட்டி, கூடத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். என்னை அடுக்களையில் இருக்கச் சொன்னாள். அதுதான் முறை. விக்குக்கு இடுப்பு வரை முடி. எனக்கு உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றுமில்லை.

பள்ளியில் தொடங்கியது. பரீட்சைக்குப் படிக்கும்போது கை தலைக்குப் போகும். ஒரு முடியைத் தேடிப் பிடுங்கும். உடனே ஒரு நிம்மதி. அதன் பின்னாலேயே வெட்கம். அம்மா வேப்பெண்ணெய் தடவினாள். கையில் அடித்தாள். கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். கை யாரையும் மதிக்கவில்லை.

போன சித்திரையில் நானாகவே பிளசி மேடத்திடம் போனேன். பாளையங்கோட்டையில் மனநல ஆலோசகர். அவர் அறை மாடியில் இருக்கிறது. நான் வெட்கப்பட்டால் படிகள் கூடிவிடும். முதல் நாள் ஏறி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.

அவர் என் வலது கைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். கை குடித்தது.

"கையத் திட்டாதீங்க," என்றார். "இது கோட்டி, பைத்தியம் எதுவும் இல்ல, திமிரும் இல்ல. எப்ப மேல போகுதுன்னு கவனிங்க. போனா, விரல மடக்கி இறுக்கிப் பிடிங்க. அந்தத் தவிப்பு தானா அடங்கும்."

சில நாள் அடங்கியது. சில நாள் அடங்கவில்லை. படிகள் மட்டும் குறைந்துகொண்டே வந்தன.

கூடத்தில் மாப்பிள்ளையின் அம்மா விக்கிடம் சமைக்கத் தெரியுமா என்று கேட்டார். விக் பேசவில்லை. அடக்கமான பெண் என்று மெச்சினார்கள். மாப்பிள்ளை தனியாகப் பேச வேண்டும் என்று அதைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார். இறங்கி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

அடுக்களையில் என் கை மேலே போனது. மடக்கினேன். இறுக்கினேன். அடங்கியதும் காபித் தட்டை எடுத்துக்கொண்டு வெறுந்தலையோடு கூடத்துக்குப் போனேன்.

"இது யாரு?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"நாந்தான் பொண்ணு."

"ஏட்டி, உள்ள போ," என்றாள் அம்மா.

"போகமாட்டேம்மா." மாப்பிள்ளையின் அம்மாவிடம் திரும்பினேன். "முடிய நானே பிடுங்கிருவேன். அதுக்கு வைத்தியம் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அவர் என்னையும் விக்கையும் மாறி மாறிப் பார்த்தார். எங்களுக்கு அந்தப் பெண்ணே போதும் என்றார். விக்குக்குப் பூ வைத்துவிட்டுப் போனார்கள்.

ஆவணியில் கல்யாணம். மணமேடையில் விக் நன்றாகத்தான் இருந்தது. நான் முன்வரிசையில் உட்கார்ந்தேன். கெட்டிமேளத்தின்போது கை ஒரு முடியைப் பிடுங்கிவிட்டது. அதைத் திட்டவில்லை. கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

பெண் வீட்டாரைப் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். நான் மேடையின் நடுவில் போய் நின்றேன். அம்மா கொஞ்ச நேரம் ஓரமாக நின்றாள். பிறகு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

போட்டோக்காரர் என்னிடம் முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

"வேண்டாம்," என்றேன். "வெளிச்சம் உச்சியில நல்லா விழட்டும்."

அவர் விளக்கைத் திருப்பினார்.