நாலாம் நம்பரைப் பார்த்த ரோட்டர்

வண்டி பத்து மணிக்குத் தயாராக இருக்கும் என்று மெக்கானிக் வாக்குக் கொடுத்திருந்தார். டிரைவிங் டீச்சர் ஒன்பதே முக்காலுக்கே ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிட்டார். கூடவே அவருடைய மாணவரும் வந்திருந்தார். மாணவர் என்றால் சின்னப் பிள்ளை இல்லை. நாற்பத்தாறு வயது, தலை முழுக்க நரை. முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர். கடை இருந்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரித் துணி ஏற்றும் வேனுக்கு டிரைவராகத் திங்கட்கிழமை சேரலாம் என்று சொல்லியிருந்தார்கள், லைசென்ஸ் இருந்தால். மூன்று முறை தேர்வில் தோற்றுவிட்டார். நாலாவது தேர்வு அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு. விண்ணப்பத்தில் டீச்சரின் இந்தப் பயிற்சிக் காரின் நம்பரைத்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள், வேறு வண்டியில் போக முடியாது. தவறினால் அடுத்த தேதி இரண்டு மாதம் கழித்துத்தான்.

காரின் இன்ஜினை மூன்று வாரமாக அக்கக்காகக் கழற்றி, ரிங், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டு, மறுபடி சேர்த்து, முந்தின நாள் சாயங்காலம்தான் காருக்குள் இறக்கியிருந்தார் மெக்கானிக்.

"சாவியைத் திருப்பு" என்றார்.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சாவியைத் திருப்பினாள். ஸ்டார்ட்டர் நன்றாகவே சுற்றியது. இன்ஜின் பிடிக்கவில்லை.

"இன்னொரு தடவை."

மறுபடி சுற்றியது. ஒன்றுமில்லை. பெட்ரோல் வாசனைதான் வந்தது.

"முதல் தடவை அப்படித்தான் இருக்கும், டீச்சர்" என்று மெக்கானிக் சிரித்தார். அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் சேர்த்த இன்ஜின் எதுவும் மூன்றாவது சுற்றுக்கு மேல் முரண்டு பிடித்ததில்லை.

ஷெட்டின் மறுபக்கத்து மேஜையில் அவர் மைத்துனன், மனைவியின் தம்பி, ஒரு டைனமோவைப் பிரித்துக்கொண்டிருந்தான். வண்டிகளின் கரண்ட் வேலை முழுக்க அவனுடையது. எல்லோரும் அவனை வயர்மேன் என்றுதான் கூப்பிடுவார்கள். இருவரும் ஒரே ஷெட்டில் பன்னிரண்டு வருடமாக வேலை செய்கிறார்கள். ஆனால் மூன்று வாரமாகப் பேச்சு வார்த்தை இல்லை. ஒரு வேனின் வயர்கள் கருகிப்போனதற்கு, "இவன் வேலை எப்பவும் அரைகுறைதான்" என்று வேன்காரர் முன்னாலேயே மெக்கானிக் சொல்லிவிட்டார். மறுநாள் பார்த்தால், எலி கடித்து வயர் உரசியிருந்தது. மெக்கானிக்குக்கு அது தெரியும். தப்பு என் பேரில் என்று சொல்ல வாய் வரவில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் நடுவில் அவர் மனைவிதான் தபால்காரி.

"உன் தம்பிகிட்ட சொல்லு. கரண்ட் சரியா வரல."

வயர்மேன் எட்டடி தூரத்தில்தான் இருந்தான். நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"அக்கா, நேத்தே பாத்தாச்சுன்னு சொல்லு. நல்லா நீலமா பொறி வருது."

"நேத்து வந்தா இன்னைக்கும் வரணும்னு சட்டமா? வந்து பாக்கச் சொல்லு."

மனைவி இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு?" என்றாள்.

வயர்மேன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். முதல் பிளக்கைக் கழற்றி, வயரில் மாட்டி, இன்ஜின் மேல் வைத்தான். அக்கா சாவியைத் திருப்ப, பட் பட்டென்று நீலப் பொறி. குனிந்து கார்ப்ரேட்டரையும் பார்த்தான். பெட்ரோல் இருந்தது. பிளக் துளையில் கட்டைவிரலை வைத்து மறுபடி சுற்றச் சொன்னான். காற்று விரலைத் தள்ளியது. பிளக்கைத் திரும்ப மாட்டினான்.

"பெட்ரோல் இருக்கு, பொறி இருக்கு, காத்தும் இருக்கு. எல்லாம் சரியாத்தான் இருக்கு. நேரம்தான் சரியில்ல."

ஓரத்தில் பழைய டயர் மேல் உட்கார்ந்து, இல்லாத கிளட்சை மிதித்துப் பழகிக்கொண்டிருந்த முடிதிருத்துபவர் திடுக்கிட்டார். "எனக்கா தம்பி?"

"உங்களுக்கு இல்லண்ணே. இன்ஜினுக்கு. பொறி வர வேண்டிய நேரத்துல வரலயோன்னு தோணுது." பிறகு அக்காவைப் பார்த்து, "டைமிங் ஒரு தடவை பாக்கலாம்னு மாமாகிட்ட சொல்லு" என்றான்.

மெக்கானிக்குக்குச் சுரீரென்றது. டைமிங் வைத்தது அவர். பொறியை நாலு பிளக்குக்கும் முறைப்படி பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை வழக்கமாக வயர்மேன்தான் மாட்டுவான். இந்த முறை அவனிடம் போய்க் கேட்க மனம் வராமல், போன வியாழக்கிழமை அவரே மாட்டிவிட்டார்.

"டைமிங் நான் வச்சது. அதுல ஒரு நூலளவு தப்பு இருக்காது. பொறிக்குக் கரண்ட் குடுக்கிற காயில்தான் போயிருக்கும். சூடானா பொறி குறையும். டீச்சர், கரண்ட் வேலைல கோளாறுன்னா நான் என்ன பண்ண?"

டீச்சர் மணியைப் பார்த்தார். பத்து ஐம்பது. "யார் வேலையோ எனக்குத் தெரியாது. பதினொன்றரைக்கு நான் கிளம்பியாகணும்." வயர்மேனிடம் திரும்பினார். "ஏம்ப்பா, உன்னை நம்பித்தானே இவங்க எல்லாம் இருக்காங்க? கொஞ்சம் கவனமா இருக்கக் கூடாதா?"

வயர்மேனின் முகம் இறுகியது.

"இன்னொரு தடவை அடி" என்றார் மெக்கானிக், கார்ப்ரேட்டர் மேல் குனிந்தபடி.

சாவி திரும்பியது. டமார் என்று ஒரு சத்தம். கார்ப்ரேட்டர் வாயிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு நெருப்பு பீறிட்டது. மெக்கானிக் பின்னால் சாய்ந்தார். புருவ மயிர் கருகிய வாடை அவருக்கே அடித்தது. கார்ப்ரேட்டரைச் சுற்றிச் சிந்தியிருந்த பெட்ரோல் பற்றிக்கொண்டது. வயர்மேன் ஒரே எட்டில் வந்து, தண்ணீர் வாளியில் ஊறிக்கொண்டிருந்த சாக்கை அப்படியே எடுத்து இன்ஜின் மேல் போட்டு அமுக்கினான். நெருப்பு அணைந்தது.

"கண்ணுல படலியே?" என்றாள் மனைவி. காரிலிருந்து எப்போது இறங்கினாள் என்று தெரியவில்லை. அவர் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல."

வயர்மேன் சாக்கை எடுத்துக் கீழே போட்டான். "திருப்பி அடிக்குது. நான் சொல்லிட்டேன். காயில்தான்னு இன்னமும் சொன்னா, புதுசு ஒண்ணு வாங்கிட்டு வரேன். யாரும் என்னை அப்புறம் சொல்லக் கூடாது." யாரையும் பார்க்காமல் இதைச் சொல்லிவிட்டு பைக்கை உதைத்துக் கிளம்பிப் போனான். கடைக்குப் போய்வரப் பதினைந்து நிமிடம் ஆகும்.

டீச்சரும் மாணவரும் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்கள். மெக்கானிக் இன்ஜினையே பார்த்தபடி நின்றார். திருப்பி அடிக்கிற இன்ஜின் எதைச் சொல்கிறது என்று அவருக்குத் தெரியாதா என்ன?

"அந்தப் பெரிய ஸ்பானரை எடுத்துட்டு வா" என்றார் மனைவியிடம். "கீழ இருக்கிற போல்ட்டுல மாட்டி மெதுவாச் சுத்து. நான் நிறுத்துன்னா நிறுத்து."

முதல் பிளக்கைக் கழற்றித் துளையில் விரலை வைத்தார். அவள் இரண்டு கையாலும் ஸ்பானரை இழுத்தாள். காற்று விரலைத் தள்ளத் தொடங்கியது. அந்த போல்ட்டோடு சுற்றும் புல்லிச் சக்கரத்தில் வெட்டியிருந்த கோடு மெல்ல மேலே வந்து, அடையாள முனைக்கு நேராக வந்தது.

"நிறுத்து."

இப்போது முதல் சிலிண்டரில் காற்று நெருங்கி, பொறிக்காகக் காத்திருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். உள்ளே சுழன்று வயர் வயராகப் பொறியைக் கொடுக்கும் ரோட்டர் முதல் பிளக்கின் வயரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அது நேர் எதிர்ப்பக்கம், நாலாவது வயரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தக் கோடு இரண்டு சுற்றில் இரண்டு தடவை நேராக வரும். ஒரு தடவை காற்றை நெருக்கும்போது, இன்னொரு தடவை புகையை வெளியே தள்ளும்போது. எது எது என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். வியாழக்கிழமை அவர் விரல் வைக்கவில்லை. கோட்டை மட்டும் பார்த்தார். வயர்மேன் மேஜையிலிருந்து தன்னைக் கவனிக்கிறானோ என்ற நினைப்பில், தடுமாறாமல் டக்கென்று மாட்டி முடித்துவிட வேண்டும் என்ற வீம்பில் இருந்தார்.

"என்ன?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல."

சரிசெய்வது பெரிய வேலையே இல்லை. மூடியில் இருக்கிற நாலு வயரையும் இடம் மாற்றிச் செருகினால் போதும். ஒன்று இருக்கிற இடத்தில் நாலு, இரண்டு இருக்கிற இடத்தில் மூன்று. இரண்டு நிமிடம். மைத்துனன் புதுக் காயிலோடு வருவான், மாட்டுவான், வண்டி பிடித்துக்கொள்ளும். காயில்தான் கோளாறு என்று டீச்சர் நினைத்துக்கொள்வார். அவனுக்கே கூடச் சந்தேகம் வராது.

அவர் கை முதல் வயரைப் பிடித்துவிட்டது. இழுக்கவும் இழுத்துவிட்டது.

மனைவி ஸ்பானரை ஊன்றி நிமிர்ந்து நின்றாள். அவளுக்கு ரோட்டரும் தெரியாது, வயர் வரிசையும் தெரியாது. ஆனால் புருஷன் முகம் தெரியும். "அவன் வர்றதுக்குள்ள எதையோ மாத்தப் போறீங்க" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை.

"வண்டி ஓடணும்ல?"

"ஓடட்டும். அவனை ஏற்கனவே ஒரு தடவை நாலு பேர் முன்னாடி சொல்லிட்டீங்க. அப்புறமா எலின்னு தெரிஞ்சும் வாயைத் தொறக்கல. அன்னைக்கு அவன் வீட்டுக்கு வந்து சாப்பிடாமப் போனான். நான் ஒண்ணும் கேக்கல. இன்னைக்குக் கேப்பேன்."

வாசலில் பைக் சத்தம் கேட்டது. மெக்கானிக் கையில் அந்த வயர் தொங்கிக்கொண்டிருந்தது. மணி பதினொன்று பதினைந்து. ஒரு விநாடி அப்படியே நின்றார். பிறகு அதே வயரைப் பழைய இடத்திலேயே திரும்பச் செருகினார்.

வயர்மேன் காயில் பெட்டியோடு உள்ளே வந்தான். பின்னாலேயே டீச்சரும் வந்தார்.

"மாப்ளே" என்றார் மெக்கானிக்.

மூன்று வாரத்தில் முதல் சொல். வயர்மேன் நின்றுவிட்டான்.

"காயிலை அந்தப் பக்கம் வை. இங்க வந்து பாரு. ஒண்ணாம் நம்பர்ல காத்து நெருங்கி நிக்குது. ரோட்டர் எங்க பாக்குது?"

வயர்மேன் குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். "நாலை."

"நான்தான் மாட்டினேன். உன்கிட்ட கேக்க வேண்டியது, வீம்புக்கு நானே மாட்டினேன். விரல் வச்சுக்கூடப் பாக்கல." டீச்சர் பக்கம் திரும்பினார். "டீச்சர், இவன் வேலைல எந்தக் குறையும் இல்ல. முதல்லயே சரியாச் சொன்னான். நான்தான் கேக்கல. வேன் விஷயத்துலயும் இவன் மேல தப்பில்ல. அதை அந்த வேன்காரர்கிட்ட நானே போய்ச் சொல்றேன்."

டீச்சருக்கு எந்த வேன் என்று புரியவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும். இப்ப ஓடுமா ஓடாதா?"

மனைவி ஸ்பானரை வைத்துவிட்டு மறுபடி டிரைவர் சீட்டில் ஏறினாள். வயர்மேன் விறுவிறுவென்று நாலு வயரையும் மாற்றிச் செருகி மூடியை மாட்டினான். மெக்கானிக் பெட்ரோலில் நனைந்திருந்த பிளக்குகளைக் கழற்றித் துடைத்து மாட்டினார். இருவர் கையும் ஒரே இடத்தில் இடித்துக்கொண்டன. யாரும் கையை எடுக்கவில்லை.

"அடி, அக்கா" என்றான் வயர்மேன்.

சாவி திரும்பியது. ஸ்டார்ட்டர் முனகியது. அத்தனை நேரம் சுற்றியதில் பேட்டரி சோர்ந்துபோயிருந்தது. அரைச் சுற்று சுற்றி டக்கென்று நின்றது.

"போச்சு" என்றார் முடிதிருத்துபவர்.

வயர்மேன் ஓடிப்போய் மேஜைக்கடியிலிருந்த பெரிய பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தான். மெக்கானிக் ஒரு கையால் தாங்கிக்கொண்டார். கேபிளை மாட்டினார்கள். மணி பதினொன்று இருபத்தெட்டு.

"இப்ப அடி."

ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவதில் குபுக்கென்று ஒரு இருமல். பிறகு இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஷெட் முழுக்க வெள்ளைப் புகை.

"ஆயில் விளக்கு!" என்று கத்தினார் மெக்கானிக். "அணைஞ்சுதா?"

"இல்ல, எரியுது!"

புது பேரிங்குகளுக்கு ஆயில் ஏறவில்லை என்றால் மூன்று வார வேலையும் ஒரு நிமிடத்தில் தேய்ந்துவிடும். மெக்கானிக் காரின் கதவுக்குப் பாய்ந்தார். சாவியை அணைக்கக் கை நீட்டினார்.

"மாமா, ரெண்டு விநாடி" என்றான் வயர்மேன்.

அவர் கை அந்தரத்தில் நின்றது. ஒன்று, இரண்டு. சிவப்பு விளக்கு ஒரு தரம் மினுக்கிவிட்டு அணைந்தது. இன்ஜின் சத்தமும் மெல்லச் சீரானது.

டீச்சர் அதற்குள் மாணவரை டிரைவர் சீட்டில் தள்ளியிருந்தார். "நாப்பதுக்கு மேல விரட்டாதீங்க, புது இன்ஜின்" என்று மெக்கானிக் சொல்ல, "இவர் எங்க விரட்டப் போறாரு, இருபதைத் தாண்டினாலே கும்பிட ஆரம்பிச்சிருவாரு" என்றார் டீச்சர். கார் குலுங்கிக் கிளம்பியது. வாசலைத் தாண்டியதும் ஒரு தடவை நின்றுபோனது. எல்லோரும் கல்லாய் நின்றார்கள். மாணவர் கிளட்சைச் சட்டென்று விட்டிருக்கிறார், அவ்வளவுதான். மறுபடி பிடித்துக்கொண்டு தெரு முனையில் திரும்பியது.

ஒன்றேகாலுக்கு டீச்சர் போன் செய்தார். நாலு நிமிடம் தாமதமாம். அதிகாரி முணுமுணுத்துக்கொண்டே ஏறினாராம். ஆள் பாஸ். மனைவி போனை வைத்துவிட்டு ஷெட்டின் நடுவில் நின்று இருவருக்கும் சேர்த்து ஒரே தடவையாக அதைச் சொன்னாள்.

வயர்மேன் சிரித்தான். ஆனால் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு தன் மேஜைக்கே போய் உட்கார்ந்தான். மெக்கானிக் கூப்பிடவில்லை. கூப்பிட்டதும் வந்து உட்கார்ந்துவிடுகிற கோபமில்லை அது என்று அவருக்குத் தெரிந்தது. சாயங்காலம் வேன்காரர் வீட்டுக்குப் போய்விட்டுத்தான் அவர் வீடு திரும்பினார்.

மறுநாள் காலையில் வயர்மேன் வந்ததும் நேராக அவர் பக்கத்தில் வந்து நின்றான்.

"மாமா, அடுத்து எந்த வண்டி?" என்று கேட்டான்.