ரைட் சொல்ல ஆள் வேண்டும்

டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவருக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். வழியில் பஸ் ஸ்டாப் கண்ணில் பட்டால் போதும், கால் தானாகப் பிரேக்கை மிதித்துவிடும். அதோடு விட்டாலும் பரவாயில்லை, பின்னாலிருந்து யாராவது 'ரைட்' சொல்லும்வரை வண்டியை எடுக்கவும் மாட்டார். ஆயுசில் பாதியை ஸ்டியரிங்கில் கழித்தவர், வேறு எப்படி இருப்பார்?

இப்போது அவர் ஓட்டுவது சாப்பாட்டு வேன். தனியாக வாழும் வயதானவர்களுக்கு அந்தப் பகுதியின் பொதுச் சமையலறை மதியச் சாப்பாடு அனுப்புகிறது. யாருக்கும் சம்பளம் கிடையாது. வண்டிக்கு ஒரு வயசாளி, ஒரு இளசு என்பது அங்கே விதி. இவருக்கு வாய்த்தவள், போன இன்டர்வியூக்களில் எல்லாம் வாயடைத்துப்போய்த் திரும்பி வந்த ஒரு பெண். நாலு பேரிடம் பேசிப் பழகட்டும் என்று அவளைப் பெற்ற அம்மா தள்ளிவிட்டிருந்தாள். அவளோ மாடி ஏறி, டப்பாவைக் கதவோரம் வைத்து, மணியை அடித்துவிட்டு, ஆள் வருவதற்குள் இறங்கி ஓடிவந்துவிடுவாள். பெரியவரை ஒருமுறை தாத்தா என்று கூப்பிட்டாள். பெரியப்பா என்று கூப்பிடு, எனக்கு இன்னும் லைசென்ஸ் இருக்கிறது என்று அவர் முறைத்தார். அதற்குப் பிறகு அவள் எதுவுமே கூப்பிடவில்லை.

ஆக, ரைட் கேட்காமல் நகராத டிரைவர், வாயே திறக்காத கண்டக்டர். நல்ல ஜோடி. ஸ்டாப்புக்கு ஸ்டாப் வேன் நிற்கும். பின்னால் வரும் பஸ் ஹாரன் அடித்த பிறகுதான் பெரியவருக்குச் சுயநினைவு வரும். கடைசி வீட்டுக்குச் சாப்பாடு ஆறித்தான் போய்ச் சேர்ந்தது.

சமையலறையை நடத்துகிற அம்மா கறார் பேர்வழி. இந்த வார முடிவுக்குள் சரியாகவில்லை என்றால் சாவியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். பெரியவரின் வீட்டுக் கார் சாவியை மகன் ஏற்கெனவே வாங்கி வைத்துக்கொண்டான். இதுவும் போனால் காலையில் சட்டை மாட்டிக்கொள்ளவே ஒரு காரணம் இருக்காது.

மறுநாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். முதல் ஸ்டாப்பைத் தாண்டியும்விட்டார். மார்க்கெட் ஸ்டாப்பில் பாழாய்ப்போன கால் பேச்சைக் கேட்கவில்லை.

அங்கே பெஞ்சில் மூன்றாம் மாடி அம்மா உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் எதிர்வீட்டு டெய்லர். இருவருக்குமே இந்த வேனில்தான் சாப்பாடு.

"வேன் தினமும் இங்க நிக்குதேன்னு நானே இறங்கி வந்துட்டேன்" என்றாள் அந்த அம்மா. "உன் செருப்புச் சத்தம் மட்டும்தான் எனக்குத் தெரியும். மூஞ்சியக் காட்டு கண்ணு, பாக்கலாம்."

ஓடி ஒளிய மாடிப்படி இல்லை. பெண் டப்பாவை நீட்டினாள். கேள்விக்கு மேல் கேள்வி வந்தது. முதலில் தலையாட்டினாள், பிறகு ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னாள், பிறகு சிரித்தே விட்டாள். அவள் பையின் அறுந்த வாரைத் தைத்துத் தருவதாக டெய்லர் சொன்னார். அந்த அம்மாவும் டெய்லரும் எதிரெதிர் வீட்டில் இருந்தும் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பேசிக்கொண்டார்களாம்.

பின்னால் பஸ் ஹாரன் அடித்து, வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும், "பெரியப்பா" என்று குரல் வந்தது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நடக்க முடிஞ்சவங்கள ஸ்டாப்புக்கே வரச் சொல்லிட்டா என்ன? முடியாதவங்க வீட்டுக்கு மட்டும் நான் ஏறறேன். நேரம் மிச்சமாகும்ல?"

"ஆகும். யாரு போய்ச் சொல்றது?"

"நான்தான்."

சொன்னாள். ஒவ்வொரு கதவாகத் தட்டி, திறக்கும்வரை நின்று சொன்னாள். முதல் வீட்டில் குரல் நடுங்கியது. போகப்போக, உட்காரச் சொல்லிப் பிடித்துவைப்பவர்களிடமிருந்து தப்பிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

வாரக் கடைசியில் சமையலறை அம்மா கைக்கடிகாரத்தோடு முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். மார்க்கெட் ஸ்டாப்பில் ஒரு கூட்டமே காத்திருந்தது, அரட்டைச் சத்தம் தெருமுனைவரை கேட்டது. பெண் மளமளவென்று டப்பாக்களைக் கொடுத்தாள். முட்டிவலி எப்படி இருக்கிறது என்று ஒருவரை விசாரித்தாள். எல்லாம் முடிந்தது, வேன் மட்டும் நகரவில்லை. பெரியவர் கண்ணாடியைப் பார்த்தபடி உறைந்திருந்தார். பக்கத்தில் அந்த அம்மா கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

வேனின் பக்கவாட்டில் பட்பட்டென்று இரண்டு தட்டு.

"போலாம், ரைட்!"

ஓய்வு பெற்ற நாளிலிருந்து அந்தக் கால் இந்தச் சொல்லுக்காகத்தான் காத்துக் கிடந்தது. பெரியவருக்குக் கண் கலங்கியது, கியர் மட்டும் பிசகாமல் விழுந்தது. அதற்கப்புறம் ஸ்டாப்புக்கு ஸ்டாப் அவள் குரல் கேட்டது, வண்டியும் சொன்ன பேச்சைக் கேட்டது.

கடைசி வீட்டுக்காரர் டப்பாவைத் திறந்தார். ஆவி பறந்தது.