மூக்குக் காரும் வால் காரும்

எங்கள் குடும்பத்தில் இரண்டு ஆண்களுக்குப் பழைய அமெரிக்கக் கார்ப் பைத்தியம். ஒருவர் என் கணவர் ஸ்ரீதரன். மற்றவர் என் தமையன் சச்சிதானந்தன். மகன் ராகுலனின் கல்யாணம் நெருங்கியபோது, மாப்பிள்ளையை யாருடைய காரில் மண்டபத்துக்குக் கூட்டிப்போவது என்ற பேச்சு எழுந்தது. அன்றோடு என் நிம்மதி போயிற்று.

என் கணவருடையது 1950ஆம் ஆண்டு ஸ்ருடிபேக்கர். முகத்தின் நடுவே, விமானத்தின் மூக்கைப் போல ஒன்று பளபளவென்று துருத்திக்கொண்டு நிற்கும். ஸ்காபரோவில் எங்கள் கராஜுக்குள் வருடக்கணக்காகக் கழற்றிப் பூட்டி, அதற்கு உயிர் கொடுத்தவர் இவர். அஜக்ஸிலிருக்கும் அண்ணையுடையது 1959ஆம் ஆண்டு கடிலாக். அதற்கு அழகெல்லாம் பின்பக்கம்தான். சுறாவுக்கு இருப்பதுபோல இரண்டு செட்டைகள், ஒவ்வொன்றிலும் இரட்டைச் சிவப்பு விளக்குகள்.

"மச்சான், உம்மட கார் எதிர வந்தா, பிளேன் இறங்குதெண்டு சனம் ஒதுங்குது," என்பார் அண்ணை.

"உங்கட கார் வரேக்க ஆரும் பாக்கினமோ? போன பிறகுதானே வடிவு தெரியுது," என்பார் இவர்.

ஒருவன் விமானத்தைப் பார்த்து மூக்கு வைத்திருக்கிறான், இன்னொருவன் ரொக்கெற்றைப் பார்த்து வால் வைத்திருக்கிறான். றோட்டைப் பார்த்துக் கார் செய்தவன் அந்த நாளில் ஒருத்தனும் இல்லைப்போலும் என்று நான் சொன்னால் இரண்டு பேருக்கும் கோபம் வரும். கடைசியில் தீர்ப்பை என் தலையிலேயே கட்டினார்கள்.

நான் கடிலாக் என்றேன். பெண் வீட்டார் பகட்டான ஆட்கள். அந்த மூக்கைக் கண்டு அவர்கள் சிரித்தால், மகனின் கல்யாணத்தன்று இவருடைய முகம் வாடிவிடும் என்று பயந்தேன். "ஓம், அதுதான் சரி," என்று சொல்லிவிட்டு இவர் கராஜுக்குள் போனார். அன்றைக்கு முழுக்க வெளியே வரவில்லை. மகனை ஏற்றிக்கொண்டு போகும் அந்த ஒரு ஓட்டத்துக்காகத்தான் இத்தனை காலம் அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சொன்ன சொல்லை எப்படித் திருப்பி எடுப்பது? அண்ணை அதற்குள் கடிலாக்குக்குப் பூமாலைக்கே சொல்லிவிட்டார்.

கல்யாணக் காலை அண்ணை தலைப்பாகையை எடுத்து ராகுலனின் தலையில் வைத்தார். தாய்மாமன் வைத்தால் தாலி கட்டும்வரை கழற்றக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். கார் புறப்படும்போது நசுக்கிக்கொண்டு போக, கடிலாக்கின் சில்லுக்கடியில் தேசிக்காயும் வைத்தாயிற்று. ராகுலன் உள்ளே ஏறினான். தலைப்பாகையின் குஞ்சம் கூரையில் மோதி மடிந்தது. சரிந்து இருந்தான், குனிந்து இருந்தான். ஒன்றும் சரிவரவில்லை.

"அம்மா, ஐ கான்ற். கழுத்து முறியுது."

"கொஞ்ச நேரம் கழட்டி மடியில வச்சிரு," என்றேன்.

"ஏலாது. நான் வச்சதை ஆரும் கழட்ட விடமாட்டன்," என்றார் அண்ணை.

மாதக்கணக்காக மூக்கையும் வாலையும் ஒப்பிட்டவர்கள் நாங்கள். ஒருவராவது கூரையை அளந்து பார்த்தோமா? எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அந்தப் பக்கம் ஸ்ருடிபேக்கர் நின்றது, சோற்றுப்பானையைக் கவிழ்த்து வைத்தது போன்ற உயர்ந்த கூரையோடு.

"இஞ்சரப்பா, உங்கட காரைக் கொண்டாங்கோ."

இவர் அசையவில்லை. என் காதோடு, "வேண்டாம், கொண்ணையின்ர மனம் நோகும்," என்றார்.

அண்ணைக்கு அது கேட்டுவிட்டது. குனிந்து, கடிலாக்கின் சில்லுக்கடியில் இருந்த தேசிக்காயை எடுத்தார். நடந்துபோய் ஸ்ருடிபேக்கரின் சில்லுக்கடியில் வைத்தார்.

"உம்மட காருக்கு வடிவு முன்னுக்கு. நீர் முதல்ல போம். என்ரதுக்கு வடிவு பின்னுக்கு. நான் கடைசியா வாறன்," என்றார்.

அஜின்கோர்ட் மண்டபம் வரை அப்படியே போனோம். முதலில் மூக்கு, நடுவில் சொந்தக்காரரின் கார்கள், கடைசியில் செட்டைகள். பஸ் தரிப்பில் நின்றவர்கள் கைகாட்டினார்கள். இவர் பாட்டொன்றை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். நாங்கள் கல்யாணம் கட்டிய நாளுக்குப் பிறகு அவரை இவ்வளவு சந்தோசமாக நான் கண்டதில்லை.

மண்டப வாசலில் மேளம் முழங்கியது. மூக்கைக் கண்டதும் கூட்டம் நான் பயந்ததுபோலவே சிரித்தது. சிரித்தவர்கள்தான் படம் எடுக்கவும் முண்டியடித்தார்கள். சம்பந்தி மங்கையற்கரசி ஆலாத்தித் தட்டோடு வந்து, கண்ணை அகல விரித்தார்.

"எங்க வாடகைக்கு எடுத்தனீங்கள் இதை?"

"வாடகையில்லை," என்றேன், மேளத்துக்கு மேலால் எல்லோருக்கும் கேட்கும்படி. "என்ர மனுசன் தன்ர கையாலை செய்தது. இந்த ஊர் முழுக்கத் தேடினாலும் இப்பிடி ஒரு மூக்குக் கிடையாது."

இவருக்குக் கேட்டது. தோளில் கிடந்த புதுப் பட்டுச் சால்வையை எடுத்து, காரின் மூக்கை மெல்லத் துடைத்தார். பிறகு அதே சால்வையால் கண்ணையும் துடைத்தார். வேறொரு நாளென்றால் பட்டுக்காகச் சண்டை பிடித்திருப்பேன். அன்று பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.