வேல்விழிக்குச் சொல்லிக்கொடுத்த பதில்

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் எச்.ஆர். வேலை பார்த்தாள் அனுப்பிரியா. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட் வருகிறது என்றதும் மேனேஜர் மயில்சாமி அவளைக் கூப்பிட்டு, "அந்த வேல்விழியைக் கொஞ்சம் ரெடி பண்ணி விட்டுருங்க" என்றார்.

எதற்கென்று அனுப்பிரியாவுக்குப் புரிந்தது. ஆள் பற்றாக்குறை என்று, பழக்கிக்கூட விடாமல் வேல்விழியைத் துணி வெட்டும் மெஷினில் நிறுத்தியிருந்தார்கள். அவளுடைய ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது. ஆடிட்டர் விசாரித்தால், முறையாகப் பழக்கினார்கள், தானே கவனமில்லாமல் இருந்துவிட்டேன் என்று அவள் சொல்லவேண்டும்.

வேல்விழி உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். பிளஸ் டூவோடு படிப்பு நின்றுவிட்டாலும் இங்கிலீஷ் பேசவேண்டும் என்ற ஆசை நிற்கவில்லை. அனுப்பிரியா அந்த ஆசையைப் பிடித்துக்கொண்டாள். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, "தே டிரெயின்ட் மீ டு யூஸ் தி மெஷின்" என்று சொல்லவைத்தாள். வேல்விழி 'ஃபார் யூஸ்' என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஃபார் போட்டா பின்னால ஒரு பேர்ச்சொல்லு வரணும் கண்ணு. பிரிப்பேர்ட் மீ ஃபார் தி ஜாப். செய்யறதைச் சொன்னா டு."

வேல்விழி கொஞ்சம் யோசித்துவிட்டு, "மை பிரதர் டிரெயின்ட் மீ டு ரைட் எ சைக்கிள். சரியாக்கா?" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. அண்ணன் உண்மையாகவே பழக்கியிருப்பான் என்று தோன்றியதும் அனுப்பிரியா பாதிச் சோற்றோடு டப்பாவை மூடிவைத்தாள். இருந்தும் அடுத்த பதிலைச் சொல்லிக்கொடுத்தாள்.

ஆடிட் அன்று மொழிபெயர்க்க ஆள் இருந்தும், வேல்விழி வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராக இங்கிலீஷிலேயே பதில் சொன்னாள். ஒரு பிசிறில்லை. ஆடிட்டர் அம்மாள் அவளைப் பாராட்டினார். வெளியே வந்தவள் அனுப்பிரியாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, எல்லாம் உங்களால்தான் அக்கா என்றாள். நுனி போன அந்த விரல் உள்ளங்கையில் அழுந்தியது.

அதற்குமேல் அனுப்பிரியாவால் தாங்க முடியவில்லை. கார் கிளம்புவதற்குள் ஓடிப்போய் ஆடிட்டரிடம் சொல்லிவிட்டாள். மெஷினில் அவளை யாரும் பழக்கவில்லை, பழக்கினார்கள் என்று சொல்வதற்குத்தான் அவளைப் பழக்கினோம், பழக்கியது நான் என்றாள்.

பையர் தரப்பில் ஆர்டரை நிறுத்திவைத்தார்கள். மெஷினில் நிற்கிற எல்லோருக்கும் பயிற்சியும், வெட்டுப்படாமல் கையில் மாட்டும் கம்பி உறையும் வந்த பிறகுதான் விட்டார்கள். மயில்சாமி திட்டவில்லை, வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார்.

நடந்ததைக் கேள்விப்பட்டு வேல்விழி வந்து நின்றாள்.

"நான் பேசுனதுல தப்பு வந்துருச்சாக்கா?"

"உன் இங்கிலீஷ்ல ஒரு தப்பும் இல்ல கண்ணு. சொல்லச் சொன்ன நாந்தான் தப்பு."

"அப்ப எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தது இதுக்குத்தானாக்கா?" என்றாள் வேல்விழி. பதிலுக்கு நிற்காமல் தன் இடத்துக்குப் போனாள். அனுப்பிரியா அங்கே வேலை பார்த்த கடைசி நாள் வரை, சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கத்தில் வந்து உட்காரவே இல்லை.