கல்லுக்குள் எறும்பு

என்னைத் திருடி என்று சொன்னவர்கள் மூன்று பேர். ஒருவர் வாயால் சொன்னார். ஒருத்தி கண்ணால் சொன்னாள். இன்னொருவர் எதுவுமே பேசாமல், கண்ணாடி மேஜையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அந்த மூன்றாவது ஆளைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர் என் முதலாளி.

நான் கல் பதிக்கிறவள். நகைக் கடையின் பின்பக்கத்தில் ஒரு ஜன்னலும் இரண்டு மேஜைகளும் (தங்கம் உருக்குகிறவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று) உள்ள அறையில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். பகல் முழுக்க ஒரு கண்ணில் லென்ஸ் மாட்டியிருப்பதால் கடையில் எனக்கு 'ஒத்தைக்கண்ணு' என்று பெயர். எனக்கு மூக்கின் மேல் கோபம் என்பது தெருவுக்கே தெரியும். என் மேஜையிலிருந்து ஒரு பொடிக் கல்கூடக் காணாமல் போனதில்லை என்பதும் தெருவுக்குத் தெரியும். எங்கள் தொழிலில் எங்களுக்கென்று இருக்கும் ஒரே சொத்து அதுதான். கல்லை மாற்றிவிட்டாள் என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் போதும், அப்புறம் எந்தக் கடையும் கண்ணாடித் துண்டைக்கூட நம்பிக் கொடுக்காது.

இது நடப்பதற்குப் பத்து நாள் முன்பு முதலாளி ஒரு பழைய மோதிரத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். முன்பக்கத்தில் யாரோ ஒரு பெண் கொடுத்துவிட்டுப் போனாளாம். இறந்துபோன அம்மாவுடைய மோதிரம். தேய்ந்து தேய்ந்து நூலாகிவிட்ட அந்தத் தங்கத்தை உருக்கி, புதுத் தங்கமும் சேர்த்து, அதே வைரத்தை வைத்து நிச்சயதார்த்த மோதிரம் செய்ய வேண்டும்.

நான் கல்லைக் கழற்றி லென்ஸில் பார்த்தேன். நல்ல கல். ஆனால் ஓரத்தில் ஒரு கரும்புள்ளி. லென்ஸ் இல்லாமலே தெரிகிற அளவுக்குப் பெரிய புள்ளி. அதிலிருந்து மயிரிழை போல ஒரு விரிசல் விளிம்புவரை ஓடியிருந்தது.

"முதலாளி, இதுல புள்ளி இருக்கு, விரிசலும் இருக்கு. அந்தப் பொண்ணக் கூப்பிட்டுக் காட்டி, ஒரு தாள்ல வட்டம் போட்டு, புள்ளி எங்க இருக்குன்னு குறிச்சு, கையெழுத்து வாங்கிக்குங்க."

முன்பு நான் வேலை கற்ற கடையில் அப்படித்தான் செய்வார்கள். கல் உள்ளே வரும்போதே அதன் குறையை வரைந்து, கொடுத்தவர் கண் முன்னால் ஒப்புக்கொள்ள வைத்துவிடுவார்கள். இந்தக் கடையிலும் அந்தப் பழக்கம் இருந்தது, இந்த முதலாளி வந்த புதிதிலேயே அதற்கு முழுக்குப் போட்டுவிட்டார்.

"நல்ல காரியத்துக்கு வந்தவங்ககிட்ட போய் உங்க கல்லு சொத்தைன்னு சொல்லச் சொல்றியா? மூஞ்சி தொங்கிடும். கால வச்சு மறைச்சிடு."

கால் என்றால் மோதிரத்தின் தலையில் கல்லை நான்கு பக்கமும் பிடித்துக்கொள்ளும் தங்கக் கம்பி. குறை இருக்கிற இடத்துக்கு மேல் ஒரு கால் வருகிற மாதிரி கல்லைத் திருப்பி உட்கார வைத்தால் குறை ஒளிந்துவிடும். எங்கள் ஆட்கள் காலங்காலமாகச் செய்வதுதான். விரிசல் மேல் கால் அழுத்தினால் கல்லுக்கு ஆகாது என்று சொல்லிப் பார்த்தேன். "உன் கைக்கு அதெல்லாம் ஜுஜுபி" என்று ஐஸ் வைத்துவிட்டுப் போனார். நானும் மறைத்தேன். அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் பங்குத் தப்பு அவ்வளவுதான், அதை நான் பூசி மெழுகப் போவதில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அந்தப் பெண் தன் சித்தியோடு மோதிரத்தை வாங்க வந்தாள். சிறிது நேரத்தில் முன்பக்கம் சத்தம் ஏறியது. முதலாளி திரைச்சீலையை விலக்கி, "கொஞ்சம் வெளிய வா" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

வெளியே போய் நின்றேன். பெண்ணுக்கு இருபத்தாறு வயது இருக்கும். மோதிரம் அவள் உள்ளங்கையில் இருந்தது. சித்தி அவளுக்கு முன்னால் கோட்டைச் சுவர் மாதிரி நின்றிருந்தார்.

"கல்ல மாத்தினது இந்தம்மாதானா?" என்றார் சித்தி.

எடுத்த எடுப்பிலேயே. என்ன, ஏது, எப்படி என்று ஒரு கேள்வி கிடையாது.

"எந்தக் கல்ல மாத்தினாங்க? யாரு மாத்தினாங்க? பாத்துப் பேசுங்கம்மா" என்றேன்.

"எறும்பு எங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். "அம்மா மோதிரத்துல ஒரு கருப்புப் புள்ளி இருக்கும். சின்ன வயசுல நான் அத எறும்புன்னு நெனச்சு நகத்தால சுரண்டிக்கிட்டே இருப்பேன். ஆஸ்பத்திரில கடைசி நாள்கூட அம்மா கையப் பிடிச்சு அதத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். இதுல அது இல்லையே." என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவள் என் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

எனக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. அட, இவ்வளவுதானா! முதலாளி வாயைத் திறந்து, 'புள்ளி காலுக்கு அடியில இருக்கு, மறைக்கச் சொன்னது நான்தான்' என்று சொன்னால் கதை முடிந்தது. அவர் பக்கம் திரும்பினேன்.

அவர் மஞ்சள் துணியால் மேஜைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு தூசியும் கிடையாது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா? துடைத்து முடித்து, துணியை நான்காக மடித்து வைத்துவிட்டு, சித்தியைப் பார்த்துச் சிரித்தார்.

"எங்க தப்பு நடந்துச்சுன்னு நான் உள்ள விசாரிக்கிறேம்மா. நீங்க வருத்தப்படாதீங்க. இதவிட சுத்தமான கல்லா, புள்ளியே இல்லாம, ஒண்ணு போட்டுக் குடுத்துடறேன். விஷயத்த இதோட விட்டுடலாம்."

விசாரிக்கிறாராம்! யாரை விசாரிக்கப் போகிறார்? வேறு கல் கொடுக்கிறேன் என்று கடைக்காரரே சொன்னால் என்ன அர்த்தம்? ஆமாம், எங்கள் ஆள் திருடிவிட்டாள், கண்டுகொள்ளாதீர்கள் என்றுதானே? இருபத்திரண்டு வருடத்தை மடித்து அந்த மஞ்சள் துணிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார். எனக்கு உச்சந்தலை கொதித்தது.

"வேற கல்லும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்" என்றேன். "இது உன் அம்மா கல்லுதான்ம்மா. புள்ளி இந்தக் காலுக்கு அடியில இருக்கு. நான்தான் மறைச்சேன். இந்தா, பாரு."

லென்ஸை நீட்டினேன். சித்தி குறுக்கே கை நீட்டி வாங்கிக்கொண்டார். லென்ஸை ஒரு கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு அந்தக் கண்ணையே மூடினார். சரி செய்து கொடுத்தேன். மோதிரத்தை ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். கிட்டே கொண்டுவரச் சொன்னேன், லென்ஸை மூக்கில் இடித்துக்கொண்டார். பக்கவாட்டில், அடிப்பக்கமாகச் சாய்த்துப் பார்த்தால் புள்ளியின் நிழல் தெரியும். பழகிய கண்ணுக்குத்தான் தெரியும்.

"ஜிகுஜிகுன்னு இருக்கு, வேற ஒண்ணும் தெரியல. சாக்கு சொல்லாதம்மா" என்றார். பெண்ணும் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள்.

முதலாளி வைரம் சோதிக்கும் மிஷினைக் கொண்டுவந்து வைத்தார். அது கீச்சென்று கத்திப் பச்சை விளக்கு காட்டியது.

"வைரம்னு எங்களுக்கும் தெரியும்" என்றார் சித்தி. "எங்க அக்காவோட வைரமான்னு அந்த மிஷினு சொல்லுமா?"

நியாயமான கேள்விதான். வழி ஒன்றுதான் இருந்தது, காலை நிமிர்த்திக் காட்டுவது. அது எனக்கு முதலிலேயே தெரியும். ஏன் சொல்லத் தயங்கினேன் என்றால், கால் இருந்தது விரிசலின் மேல். மூடும்போது தப்பித்த கல் திறக்கும்போதும் தப்பிக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. என் மானத்தைக் காப்பாற்ற அந்தப் பெண்ணின் அம்மா கல்லை உடைத்து வைத்தால் நான் யார்?

அதை அப்படியே அவளிடம் சொன்னேன். "திறந்தா எறும்பு தெரியும். ஆனா கல்லு ஓரத்துல பிளந்துக்கலாம். பிளந்தா ஒட்ட முடியாது. நீதான் சொல்லணும்."

"பாத்தியா, இப்பவே உடைக்கிறதுக்கு அடி போடுறாங்க" என்றார் சித்தி.

பெண் மோதிரத்தை விரல் நுனியில் திருப்பினாள். "அம்மாவோடதுதானான்னு தெரியாம விரல்ல போட்டுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்? திறங்கக்கா" என்றாள்.

பின்பக்கத்திலிருந்து என் விளக்கையும் மரப்பிடியையும் சின்ன உளியையும் கொண்டுவந்து அந்தக் கண்ணாடி மேஜை மேலேயே பரப்பினேன். கீறல் விழும் என்று முதலாளி முனகினார். விழட்டும். மோதிரத்தைப் பிடியில் இறுக்கி, லென்ஸை மாட்டி, உளி முனையைக் காலுக்கு அடியில் நுழைத்தேன். உடனே எடுத்துவிட்டேன். கோபத்தில் இருக்கிற கை தள்ளும், இந்த வேலைக்குத் தள்ளக் கூடாது, நெம்ப வேண்டும். மூன்று முறை மூச்சை இழுத்து விட்டேன்.

மறுபடி நுழைத்தேன். தங்கம் கொஞ்சம் எழுந்தது. நிறுத்தினேன். இன்னும் கொஞ்சம். டிக் என்று ஒரு சத்தம் வந்தது. லென்ஸில் பார்த்தால் கல் முழுசாக இருந்தது, உளிதான் தங்கத்தில் வழுக்கியிருந்தது. காலை முழுக்க நிமிர்த்திவிட்டுப் பிடியை அவள் பக்கம் திருப்பினேன்.

"எறும்பு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நகத்தால் அதை மெல்லச் சுரண்டிப் பார்த்தாள்.

சித்தி குனிந்தார். அவருக்கு லென்ஸ் தேவைப்படவில்லை. "அக்கா" என்றார், என்னை அல்ல. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என்னைத் திருடி என்ற மனுஷிமேல் அதற்கப்புறம் எனக்குக் கோபம் தங்கவில்லை. என் அக்கா கல்லாக இருந்தால் நானும்தான் கத்தியிருப்பேன், இதைவிடக் கேவலமாகக் கத்தியிருப்பேன்.

"நான்தான் சொன்னேனே" என்றார் முதலாளி, பல்லெல்லாம் தெரிய. "நம்ம கடையில அப்படியெல்லாம் நடக்காதுன்னு."

"எப்ப சொன்னீங்க?"

என் குரல் தெருவுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

"எப்ப சொன்னீங்கன்னு கேக்கறேன். இவங்க என்னத் திருடின்னு சொன்னப்போ சொன்னீங்களா? வேற கல்லு தர்றேன்னு பேரம் பேசினப்போ சொன்னீங்களா? இத மறைக்கச் சொன்னது யாரு? அதயாவது இப்பச் சொல்லுங்க."

"சரி விடு, கஸ்டமர் முன்னாடி..."

"கஸ்டமர் முன்னாடிதானே என் மானம் போச்சு? அங்கயேதான் வரணும்."

அவர் மஞ்சள் துணியைத் தேடினார். அது என் விளக்குக்கு அடியில் இருந்தது. நான் நகரவில்லை. கடைசியில், "நான்தான் மறைக்கச் சொன்னேன்மா, ஒரு நல்லதுக்காக" என்று சித்தியின் செருப்பைப் பார்த்துச் சொன்னார்.

பெண் என்னிடம், "அக்கா, எறும்பு வெளிய தெரியற மாதிரி வைக்க முடியுமா?" என்று கேட்டாள். எனக்கும் அதுதான் வேண்டும், விரிசலுக்கும் அதுதான் நல்லது. மற்றக் கால்களையும் நிமிர்த்தி, கல்லைச் சாமணத்தால் கவ்வி எடுத்து, கொஞ்சம் திருப்பி, புள்ளி இரண்டு கால்களுக்கு நடுவில் வரும்படி உட்கார வைத்தேன். ஒவ்வொரு காலாக அழுத்தத் தொடங்கினேன்.

மூன்றாவது காலில் இருந்தபோது சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். இந்தத் தடவை அவர் திரும்பியது முதலாளி பக்கம்.

"கல்லுல குறைய எங்ககிட்டயே மறைச்சவரு வேற எத மறைச்சீங்களோ? அக்கா மோதிரத்துத் தங்கத்த இதுலதான் போட்டீங்களா? இல்ல, அதுவும் விசாரிக்கணுமா?"

முதலாளியின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, அம்மா! சத்தியமா போட்டேன். உள்ள இவ பக்கத்து மேஜைக்காரருதான் உருக்கினாரு, அவரு இன்னைக்கு லீவு. இவ இருந்தா. இவளையே கேளுங்க."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். முதலாளி என்னைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை, சற்று முன்பு நான் அவரைப் பார்த்த அதே பார்வை. நான் சும்மா இருந்தால் போதும், அவர் திருடனாகிவிடுவார். ஒரு துணியை எடுத்து மேஜையைத் துடைத்தால் போதும்.

"போட்டாங்கம்மா" என்றேன், காலை அழுத்திக்கொண்டே. "உருக்கும்போது நான் பக்கத்துலதான் இருந்தேன். என் கண்ணால பாத்தேன்."

சித்தி தலையாட்டினார், விஷயம் முடிந்தது. எனக்காக நீங்கள் சொல்லாததை உங்களுக்காகச் சொல்ல எனக்கு ஒரே ஒரு மூச்சுதான் செலவானது, முதலாளி. ஒரே ஒரு மூச்சு.